உலகின் 75-வது வீரர்... ஆனால் இஎஸ்ஐ கிடையாது! டென்னிஸ் பிழைப்பு எப்படி ஓடுகிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இஎஸ்ஐ பணமும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் வீதம் 91 நாள் வரை கைக்கு வரும். சிகிச்சையும் இஎஸ்ஐ-யிலேயே பார்த்துக்கொள்ளலாம். பெரிய தொகை இல்லைதான். இருந்தாலும் ஏதோ ஒன்று இருக்கு.

உலகத் தரவரிசையில் 75-வது இடம் வரை போன சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்கு முழங்கால் போனபோது அந்த ஏதோ ஒன்றுகூட இல்லை.

2024 நவம்பரில், 35 வயதில் அவர் ஓய்வை அறிவித்தார். "யாருப்பா இது?" என்று கேட்டவர்களே அதிகம். தப்பு அவர்கள் மேல் இல்லை. கிரிக்கெட்டில் ரஞ்சி அணிக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் பெயர்கூட நமக்குத் தெரியும். டென்னிஸில் கிராண்ட்ஸ்லாம் கோப்பையைத் தூக்கினால்தான் செய்தி.

ஐந்து வருஷம் எங்கே போனது?

இடது கை ஆட்டக்காரரான பிரஜ்னேஷ் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே முழங்கால் எலும்பில் விரிசல். ஒருமுறை சரியாகி வந்தால் மறுபடி. ஒரு டென்னிஸ் வீரர் வேகமாக மேலே ஏறவேண்டிய இருபதுகளின் முதல் பாதியில், ஏறத்தாழ ஐந்து வருடம் இப்படியே கரைந்தது.

தரவரிசைப் புள்ளிகள் 52 வாரம்தான் கணக்கில் நிற்கும். ஆடாமல் உட்கார்ந்தால் புள்ளி உதிர்ந்துகொண்டே போகும், இடம் சரியும். நீண்ட காயம் என்றால், பழைய இடத்தைக் காட்டிச் சில போட்டிகளுக்குள் நுழைய ஒரு விதி இருக்கிறது. ஆனால் அது வாசலைத்தான் திறந்துவிடும், பிசியோவுக்கும் டாக்டருக்கும் பணம் தராது.

திரும்ப வருபவர் தொடங்கவேண்டியது அடிமட்டப் போட்டிகளில். அங்கே கணக்கு எப்படித் தெரியுமா? மொத்தப் பரிசே 15,000 டாலர் உள்ள ஐடிஎஃப் போட்டியில் முதல் சுற்றில் தோற்பவருக்கு 156 டாலர், நம்ம காசுக்கு 13,000 ரூபாய் அளவில். கோப்பையை வென்றாலே 2,160 டாலர்தான். இதில் வரி பிடிப்பார்கள். விமான டிக்கெட், ரூம் வாடகை, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவது எல்லாம் சொந்தக் கை. ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு முதலாளிக்கு நாமே பணம் கொடுத்துவிட்டு வருவது மாதிரி.

அங்கிருந்துதான் அவர் ஏறினார். 2018 டேவிஸ் கோப்பையில் சீனாவிடம் 0-2 எனப் பின்தங்கிய இந்தியாவுக்கு, கடைசி ஆட்டத்தில் வூ யிபிங்கைச் சாய்த்து வெற்றி தேடித் தந்தார். அதே வருடம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கனடாவின் ஷபோவலோவை வீழ்த்தினார். ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஒற்றையர் வெண்கலம். 2019 மார்ச்சில் இண்டியன் வெல்ஸில், அப்போது உலகின் 18-வது வீரரான பசிலாஷ்விலியைத் தோற்கடித்தார். ஏப்ரலில் 75-வது இடம். வயது 29.

தோற்றதற்குக் காசா?

ஆமாம். 2019-ல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் பிரதான சுற்றில் ஆடினார், நான்கிலும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார். ஆஸ்திரேலியாவில் டியாஃபோ, பாரிஸில் டெலியன், விம்பிள்டனில் ராவ்னிச், நியூயார்க்கில் மெத்வதேவ். 'நாலுலயும் ஃபர்ஸ்ட் ரவுண்டா' என்று சிரித்த கமென்டுகளை நானே படித்திருக்கிறேன். அந்த நான்கு தோல்விக்குமான பரிசுத்தொகை: 75,000 ஆஸ்திரேலிய டாலர், 46,000 யூரோ, 45,000 பவுண்ட், 58,000 அமெரிக்க டாலர். அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், வரிக்கும் செலவுக்கும் முன்னால். முதல் நூறு பேருக்குள் இருப்பதன் அர்த்தமே அந்தக் கதவு நேராகத் திறப்பதுதான். நூறுக்குக் கீழே போனால் பெரும்பாலும் தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயிக்க வேண்டும்.

ஏடிபி அமைப்பு 2024-ல்தான் குறைந்தபட்ச வருமான உத்தரவாதத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டில் முதல் நூறு பேருக்கு 3 லட்சம் டாலர், 101 முதல் 175 வரை ஒன்றரை லட்சம், 176 முதல் 250 வரை 75,000. காயத்தால் ஆட முடியாதவர்களுக்கும் ஒரு தொகை உண்டு. நல்ல விஷயம். ஆனால் அது முதல் 250 பேருக்கு. பிரஜ்னேஷுக்கு அது தேவைப்பட்ட வருடங்களில் அப்படி ஒன்று இல்லை. இருந்திருந்தாலும் அப்போதைய அவர் இடத்துக்கு அது எட்டியிருக்காது.

அப்போ யார்தான் தாங்குவது?

பெரும்பாலும் குடும்பம்தான். சென்னை டென்னிஸின் கதையே அதுதான். ராமநாதன் கிருஷ்ணனுக்கு அப்பா டி.கே.ராமநாதன் பயிற்சி கொடுத்தார், ரமேஷுக்கு ராமநாதன் கிருஷ்ணன். விஜய் அமிர்தராஜின் அப்பா ரயில்வேயில் அதிகாரி, அம்மா மேகி பேக்கேஜிங் கம்பெனி நடத்தியவர். அட்டைப்பெட்டி விற்ற காசும் விம்பிள்டன் போயிருக்கிறது!

குடும்பத்தால் முடியாதபோது என்ன செய்யலாம் என்பதற்கும் சென்னையிலேயே பதில் இருந்தது. 1980-களின் நடுவில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் திட்டத்தில் பையன்களுக்குத் தங்குமிடம், படிப்பு, பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். காசு போட்டது ஒரு பிஸ்கட் கம்பெனி. அங்கே வந்து சேர்ந்த கொல்கத்தாப் பையன் லியாண்டர் பயஸ் 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார்.

அதனால்தான் இந்தக் கட்டுரையைக் கும்மிடிப்பூண்டியில் தொடங்கினேன். இன்று அந்தச் செலவைக் கம்பெனிகள் தர்மமாகக்கூடச் செய்யவேண்டாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, வருட நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் அப்படிப்பட்ட கம்பெனிகளுக்கா பஞ்சம்?

இப்போதைக்குக் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் ஒரு பத்து வயதுப் பிள்ளை சர்வதேசப் போட்டி நடக்கும் கோர்ட்டைப் பார்க்கவேண்டுமென்றால், சென்ட்ரலுக்கு ஒன்றரை மணி நேரம் போல மின்சார ரயில், இறங்கி நடந்து பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து நுங்கம்பாக்கம். தினமும் பயிற்சிக்கு இது நடக்குமா? கூட வரும் அம்மாவின் ஷிப்ட் என்ன ஆகும்?

ஆனால் கம்பெனிகளிடம் ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும். ஒரு கோர்ட் போட்டு, ரிப்பன் வெட்டி, சுவரில் லோகோ வரைந்துவிட்டுப் போகிற கதை வேண்டாம். கோர்ட் ஒருமுறைச் செலவு. பிள்ளை பதினாறு வயதில் வெளிமாநிலப் போட்டிக்குப் போகும்போது டிக்கெட், கூட ஒரு கோச், முட்டி வலித்தால் ஒரு ஸ்கேன், ஆறு மாதம் ஆடமுடியாமல் போனால் அந்த ஆறு மாதச் சாப்பாடு. இதையெல்லாம் திட்டத்தில் எழுதிவிட்டு அப்புறம் சிமென்ட் வாங்கலாம்.