கைதட்டினார்கள், கைகொடுத்தார்களா?

தோழனே!

"நாம் கூட்டாளிகள்!" என்கிறது நிர்வாகம். கேட்கக் கேட்கக் காது இனிக்கிறது. ஆண்டான் என்றும் அடிமை என்றும் இருந்த காலம் மலையேறிவிட்டதாம்; இனி ஒரே மேசை, ஒரே நோக்கம், ஒரே குடும்பமாம்! சங்கத் தலைவருக்கு நாற்காலி வருகிறது, தேநீர் வருகிறது, "தங்கள் கருத்து யாதோ?" என்ற கனிவான கேள்வியும் வருகிறது. வராதது ஒன்றே ஒன்றுதான்: முடிவில் பங்கு!

அதனால்தான் போலும், கூட்டாளி என்று அழைப்பவர்கள் மறந்தும் பங்காளி என்று அழைப்பதில்லை. பங்காளி என்றால் பங்கு கேட்பான் அல்லவா!

இந்தக் கூட்டாளித்துவத்தின் மெய்யும் பொய்யும் அறியவேண்டுமானால், அதை நெடுங்காலம் நடத்திப் பார்த்த பிரிட்டனை நோக்கு. அங்கே 1948 ஜூலை 5-ஆம் நாள் தேசிய சுகாதார சேவை பிறந்தது. ஏழைக்கும் சீமானுக்கும் ஒரே மருத்துவம், கட்டணமின்றி! அதைப் பெற்றெடுத்த அமைச்சர் அனூரின் பெவன், 13-ஆம் வயதில் சுரங்கத்துள் இறங்கிய தொழிலாளி. அவர் பிறந்த டிரெடேகர் ஊரில், உழைப்பாளிகள் தங்கள் கூலியில் காசு பிடித்துக் கொடுத்து மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினர். அந்தச் சேவையின் அடித்தளத்தில் சுண்ணாம்பு மட்டும் இல்லை தோழனே, தொழிலாளியின் வியர்வையும் இருக்கிறது.

சேவை பிறந்த நாள்தொட்டு, இரு தரப்பும் கூடிப் பேச 'விட்லி மன்றங்கள்' அமைந்தன. விட்லி நமக்கு அந்நியரல்லர்; 1929-இல் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய அமர்த்தப்பட்ட ராயல் கமிஷனின் தலைவர் அவரே. அவர் பெயரால் அமைந்த மன்றங்கள் யாருடைய கருணையால் பிறந்தன? முதல் உலகப்போரின் நடுவே, ஆலைதோறும் அலையாய் எழுந்தது கிளர்ச்சி. அதைக் கண்டு கலங்கிய அரசு, 1916-இல் விட்லியின் தலைமையில் குழு அமைத்தது. "கூடிப் பேசுங்கள்" என்று 1917-இல் அக்குழு வழி கூறிற்று. கருணை பெற்ற பிள்ளையல்ல அந்த மேசை. கிளர்ச்சி பெற்ற பிள்ளை!

அந்த மேசையால் நன்மையே விளையவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2004-இல் நிறைவேறிய ஊதிய ஒப்பந்தம் ஒன்று போதும் சான்றுக்கு. டாக்டர்கள், பல் டாக்டர்கள், உச்சி நிர்வாகிகள் நீங்கலாக, தரை துடைப்பவர் முதல் தலைமைச் செவிலியர் வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஒரே ஊதிய ஏணியில் அது நிறுத்திற்று. எந்த வேலைக்கு எவ்வளவு அறிவு, எவ்வளவு பாரம், எவ்வளவு பொறுப்பு என்று இரு தரப்பும் சேர்ந்தே மதிப்பிட்டன. பெண் செய்யும் வேலை என்பதற்காகவே குறைத்து மதிப்பிடும் பழக்கத்துக்கு அது பூட்டுப் போட முனைந்தது. ஆண்டுக்கணக்கில் பேசி, கணக்கேடு விரித்து, வரிக்கு வரி வாதாடிப் பெற்ற வெற்றி அது. உண்மையான கூட்டு எப்படி இருக்கும் என்பதற்கு அது இலக்கணம்.

சோதனை பிறகு வந்தது. 2020-இல் கொரோனா கோரத்தாண்டவம் ஆடியபோது, வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்று நாடே கைதட்டிற்று. அமைச்சர்களும் தட்டினார்கள். "வீரர்கள்!" என்றார்கள். ஓராண்டு உருண்டது. 2021 மார்ச்சில், அந்த வீரர்களுக்கு என்ன உயர்வு தரலாம் என்று ஊதிய ஆய்வுக் குழு கேட்டபோது, அரசு சொன்ன கணக்கு 1 விழுக்காடு! தட்டிய கை, கொடுக்க நேர்ந்தபோது மூடிக்கொண்டது. எதிர்ப்பு எழுந்த பிறகே 3 விழுக்காடு என்றனர்.

அடுத்த ஆண்டு விலைவாசி விண்ணைத் தொட்டது. இங்கிலாந்தில் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் இடங்கள் காலியாகக் கிடந்தன. மூவர் செய்யவேண்டியதை இருவர் செய்தனர். சங்கங்கள் பேச்சுக்கு அழைத்தன. நடந்ததை நாடகமாக எழுதினால் இப்படித்தான் இருக்கும்:

"வருக, கூட்டாளியே! அமர்க!"

"ஊதியம் பற்றி ஒரு வார்த்தை..."

"அது ஆய்வுக் குழுவின் வேலை. வேறு ஏதேனும் பேசுவோமே!"

பந்திக்கு அழைத்து, இலையும் விரித்து, சோறு மட்டும் அடுத்த வீட்டில் என்றால் அது விருந்தா? எதிரில் அமர்ந்த மருத்துவமனை நிர்வாகிகளைக் குறை கூறியும் பயனில்லை. கஜானாவின் சாவி அவர்கள் மடியில் இல்லை. சாவியில்லாதவனை அமர்த்திவிட்டுச் சாவிக்காரன் ஒளிந்துகொள்ளும் தந்திரம் அது!

விளைவு? 1916-இல் தோன்றி, 1995 வரை "வேலைநிறுத்தம் செய்யோம்" என்பதைத் தன் விதியாகவே வைத்திருந்த ராயல் செவிலியர் கல்லூரி என்ற சங்கம், 2022 டிசம்பர் 15-இல் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய மூன்று நாடுகளிலும் களம் இறங்கிற்று. சாந்தமே உருவானவர்களைச் சாலைக்கு அனுப்பிய பெருமை யாருக்கு? பேச மறுத்தவர்களுக்கே!

"நோயாளி கிடக்கிறான், வேலைநிறுத்தமா?" என்று உருகினார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை! உயிர்காக்கும் பணிகளுக்கு விலக்கு அளித்துவிட்டே அவர்கள் வெளியே வந்தனர். நோயாளிக்காக உருகியவர்களோ 2023-இல் ஒரு சட்டம் தீட்டினர். வேலைநிறுத்த நாளில் பணிக்கு வா என்று நிர்வாகம் ஓலை அனுப்பலாம்; வராதவர் பணிநீக்கத்திலிருந்து பாதுகாப்பு இழப்பார். ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறு கையில் பணிநீக்க ஓலை. இதன் பெயர் கூட்டாளித்துவம்! 2024-இல் ஆட்சி மாறிய பிறகே அச்சட்டம் கைவிடப்பட்டது.

அதே குளிர்காலத்தில் ஸ்காட்லாந்தில் செவிலியர் வேலைநிறுத்தம் நடக்கவில்லை. ஏன்? அங்கே ஊழியரை மதித்து நடத்தவேண்டும் என்பது 2004 முதல் சட்டம். சுகாதார வாரியங்களில் ஊழியர் சார்பில் ஓர் இயக்குநர் அமர்கிறார். அரசே ஊதியம் பேச முன்வந்தது. ஆனால், அவசரப்பட்டு மேசைக்கு மட்டும் மாலை போட்டுவிடாதே! அங்கும் செவிலியர்கள் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்திருந்தார்கள். முதலில் நீட்டியதை மறுத்தார்கள். அதன் பிறகே மேலான தொகை வந்தது. 2023 மார்ச்சில் உடன்பாடு மலர்ந்தது. மேசையும் இருந்தது, மேசையைவிட்டு எழும் துணிவும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் கதவு திறந்தது.

துணிவு இல்லாத இடத்தில் என்ன நேரும்? ஸ்டாஃபோர்டைக் கேள்! 2005 முதல் 2009 வரை அந்த மருத்துவமனையில் செலவைச் சுருக்க ஆட்களைச் சுருக்கினார்கள். உணவும் நீரும் கைக்கு எட்டாமல் நோயாளிகள் தவித்தனர். குறை சொன்ன ஊழியரின் குரல் மேலே ஏறவில்லை. 2013-இல் வெளிவந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கை நிர்வாகத்தை மட்டுமா சாடிற்று? அங்கிருந்த செவிலியர் சங்கமும் பயனற்றுக் கிடந்தது என்று குறித்தது. சங்கம் உறங்கினால் கூலி மட்டும் குறைவதில்லை தோழனே. நோயாளியின் உயிருக்கே உலை வைக்கப்படுகிறது!

"அப்படியானால் மேசையே வேண்டாம், உதறிவிட்டு வருவோம்" என்பாரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் சொல்வேன்: உதறாதே, உறுதியோடு அமர்! விகன் நகர மருத்துவமனைகளில் 2018-இல், துப்புரவாளர் உள்ளிட்ட நூற்றுக்கணக்கானோரைத் தனிக் கம்பெனிக்குத் தள்ளிவிட நிர்வாகம் திட்டமிட்டது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் கேட்டது வேறொன்றுமில்லை, தங்கள் தலைவிதியை எழுதும்போது தங்களையும் கேட்கவேண்டும் என்பதே.

ஆகவே, நாளை உன்னைக் கூட்டுக் குழுவுக்கு அழைத்தால் மறுக்காதே. போ! ஆனால், நாற்காலியில் அமருமுன் கேள்: "முடிவெடுக்குமுன் அழைத்தீரா, எடுத்தபின் அழைத்தீரா? கணக்கேட்டைக் காட்டுவீரா, கதை மட்டும் சொல்வீரா? சாவி உம்மிடம் உண்டா?" விடை நேர்மையாக வந்தால் தோளோடு தோள் நின்று உழை, மருத்துவமனை செழிக்கும், நோயாளி பிழைப்பான். விடை வராவிட்டால், அந்தத் தேநீரை ஆறவிட்டு எழுந்து வா. வாசலில் உன் தோழர்கள் நிற்கவேண்டும்.

அவர்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்தால்தான், உள்ளே உன்னைப் பங்காளி என்று அழைப்பார்கள்!