நகருக்கு நுழைவுச்சீட்டா?

இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரை நேரில் காணாதவரும் படத்திலாவது கண்டிருப்பர். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளை நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன. சேற்றில் நெருக்கமாக அடித்த மரத்தூண்களின் மேல் மாளிகைகள் நிற்கின்றன. மரம் மட்கிவிடாதா? காற்றுப் புகாத சேற்றில் மரத்தைத் தின்னும் பூஞ்சை வளர இயலாது; ஆகவே அத்தூண்கள் நூற்றாண்டுகளைத் தாங்கி நிற்கின்றன. 1987-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இத்தகைய நகருக்குள் நுழைய 2024 ஏப்ரல் 25 முதல் கட்டணம் வந்தது. கூட்டம் மிகுந்த சில நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 மணிக்குள் வந்து அன்றே திரும்புவோர் 5 யூரோ செலுத்த வேண்டும் என்றனர். முதலாண்டில் 29 ஆக இருந்த அந்நாட்கள் 2025-இல் 54 ஆயின. கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்குக் கட்டணம் 10 யூரோ ஆயிற்று. 14 வயதுக்கு உட்பட்டோருக்கு விலக்கு உண்டு. இரவு தங்குவோர் விடுதி வரி கட்டுவதால் அவர்களுக்கும் விலக்கு உண்டு.

பொலோனியா நகரிலிருந்து ஒரு தாயும் தந்தையும் இரு சிறுவர்களுடன் காலை ரயிலில் வருவதாகக் கொள்வோம். முன்கூட்டியே பதிவு செய்யத் தவறினால் பெற்றோருக்கு மட்டும் 20 யூரோ. கையில் கொண்டுவந்த ரொட்டியை உண்டு, புனித மார்க் சதுக்கத்தையும் ரியால்டோ பாலத்தையும் கண்டு, மாலை ரயிலில் திரும்புவர். இக்குடும்பமா வெனிசைக் கெடுக்கிறது?

கட்டணத்தை ஆதரிப்போர் கூறும் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சந்துகள் குறுகியவை, குப்பையையும் படகில்தான் அகற்ற வேண்டும். அச்செலவில் வருவோரும் பங்கேற்பது முறையே. ஆனால் நோய் வேறிடத்தில் இருக்கிறது. 1951-இல் வரலாற்று நகரில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022-இல் அத்தொகை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. எஞ்சிய குடிகளின் எண்ணிக்கையை ஒரு மருந்துக்கடையின் சாளரத்தில் பலகை வைத்துக் காட்டும் நிலை வந்தது!

1966 நவம்பர் 4 அன்று கடல்நீர் 194 சென்டிமீட்டர் உயர்ந்து நகரை மூழ்கடித்தது. பின்னாளில் கடல்வாய்கள் மூன்றிலும் 78 எஃகுக் கதவுகள் அமைத்தனர். கடலடியில் நீர் நிரம்பிக் கிடக்கும் அக்கதவுகளில் அழுத்தக் காற்றைச் செலுத்தினால் நீர் வெளியேறும். கதவுகள் எழுந்து அலையைத் தடுக்கும். 2020 அக்டோபரில் அவை முதன்முறையாகப் பொங்கிவந்த கடலைத் தடுத்தன. உள்ளே வரும் நீரைத் தடுக்கக் கதவு கண்டது விஞ்ஞானம். வெளியேறும் குடிகளைத் தடுக்கக் கதவு எங்கே?

வேலை தேடிப் போனவர் பலர். விலைவாசி தாங்காமல் போனவர் பலர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில் எத்தனையோ பயணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. ஆசிரியருக்கும் படகோட்டிக்கும் கட்டும்படியான வாடகையில் வீடு கிடைக்காவிடில், வாயிலில் எத்தனை யூரோ வாங்கினாலும் ஊர் மீளாது. வீடுகள் விடுதிகளாவதற்கு வரம்பு கட்டுவதும், குடியிருப்போருக்கு வீடு ஒதுக்குவதுமே முதற்கடமை. விருந்தினர் வருவதால் வீடு பாழாவதில்லை. வீட்டார் வெளியேறினால்தான் பாழாகும்.

நண்பர்களே! சீட்டு வாங்கிக் காண்பது பொருட்காட்சி. ஊருக்கு வேண்டியவர் ஊர்க்காரர். அந்த இரு சிறுவர்களும் வளர்ந்து தம் பிள்ளைகளை அழைத்து வரும் நாளில், வழி கேட்பதற்கேனும் அங்கே ஒரு வெனிஸ்காரர் இருக்க வேண்டும்.