பழைய சுவரும் புதிய வர்ணமும்

மார்கழி முடியுந் தறுவாயில் நம் ஊர்களிற் கேட்கும் ஓசைகளுள் ஒன்று, சுவர் சுரண்டும் ஓசை. தைப்பொங்கலுக்கு முன் வீட்டை வெள்ளையடித்துப் புதுக்குவது நம்மவர் வழக்கம். சரவணையிலும் அயலூர்களிலும், 1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வோடு பூட்டப்பட்டுப் பல்லாண்டு பாழ்பட்டுக் கிடந்த வீடுகளை, இன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திரும்பி வந்து திருத்துகின்றனர். மனத்துக்கு மகிழ்ச்சி தரும் காட்சி இது. ஆயினும், பழைய பூச்சை அகற்றும் அந்தச் சில நாள்களிலேதான் வீட்டிலுள்ள குழந்தைக்குப் பெருந்தீங்கு நேரக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

பழைய வீட்டிலே அகற்ற வேண்டியவை மூவகை. முதலாவது, சுவரில் ஒட்டிய கடதாசி. மேனாட்டார் சுவருக்கென்றே அச்சிட்ட தாளை ஒட்டுவர். நம் வீடுகளிலோ பழைய பத்திரிகைத் தாளும் நாட்காட்டிப் படமும் அவ்விடத்தைப் பெற்றன. இவற்றை உலர்ந்தபடியே பிய்த்தெடுத்தால் சாந்தும் சேர்ந்து பெயரும். இளஞ்சூட்டு நீரிற் சிறிது சவர்க்காரங் கரைத்துத் தாளின்மேற் பூசிக் கால்மணி நேரம் ஊறவிடுங்கள். பின்னர் தட்டையான தகட்டினால் மெல்ல நீக்கினால் இலகுவில் வரும். சுவரை நனைக்குமுன் மின்னிணைப்பின் பிரதான ஆளியை நிறுத்திவிட வேண்டும். நீரும் மின்சாரமும் சேருமிடத்தில் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணக்கல்லாகி இறுகுகிறது. ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய படைகள் கடற்காற்றின் உப்பினாலும் ஈரத்தினாலும் பொருக்கெழும். அப்பொருக்கின்மேல் இக்காலத்து எமல்ஷன் வர்ணத்தைப் பூசினால், அது சுவரைப் பற்றாமற் சுண்ணாம்புப் பொடியையே பற்றும். விரைவில் தோல்போல உரியும். ஆகவே உதிர்வதை முற்றாக நீக்க வேண்டும். நம் பகுதியில் மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதால், பொங்கலுக்கு முன் சுவரின் உள்ளீரம் காய்ந்திராது. அந்நிலையில் எமல்ஷன் பூசினால் கொப்புளிக்கும். உள்ளீரத்தை வெளியே விடும் சுண்ணாம்பைப் பூசுவது, அல்லது பங்குனி வெயில் வரும்வரை பொறுத்திருப்பது நன்று. புதுச்சுண்ணாம்பை நீற்றும்போது கொதிப்பு உண்டாகும். கண்ணிற் பட்டால் உடனே நிறைந்த நீரினால் நெடுநேரங் கழுவி வைத்தியரை நாடுக.

மூன்றாவதே மிகுந்த அவதானத்துக்குரியது. கதவு, யன்னல், விறாந்தைக் கம்பி ஆகியவற்றிற் பூசிய பழைய எனாமல் வர்ணம். வெண்மைக்கும் மஞ்சளுக்கும் பசுமைக்கும், விரைந்து உலர்வதற்கும் அக்கால வர்ணங்களில் ஈயச் சேர்மங்களைச் சேர்த்தனர். ஈயமோ நஞ்சு. உடல் அதனைக் கல்சியம் என மயங்கி எலும்பிற் சேர்த்துக்கொள்ளும். வளரும் குழந்தையின் மூளையை அது தாக்கும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தாற் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இவ்வுண்மையை முதலில் எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரக் கண் வைத்தியர் லொக்ஹாட் கிப்சன். குவீன்ஸ்லாந்துக் குழந்தைகளின் ஈய நோய்க்கு, வெயிலிற் பொடியாகும் விறாந்தை வர்ணமே காரணம் என அவர் 1904 ஆம் ஆண்டிற் சுட்டிக்காட்டினார். பொடி கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும், அவ்வளவே. நம் விறாந்தைகளும் வெயில் காய்பவை, நம் குழந்தைகளும் கம்பியைப் பிடித்தே நடை பயில்பவர்கள். 1921 இல் சர்வதேசத் தொழில் அமைப்பு கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளையின் பாவனையைத் தடுக்கும் உடன்படிக்கையை இயற்றியது. இலங்கையில் வர்ணத்திலுள்ள ஈயத்துக்கு வரம்பிடும் பணிப்பு 2013 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முற்பட்ட பூச்சு எதனையும் ஈயமுள்ளதாகவே கருதி நடப்பது அறிவுடைமை.

அப்படியாயின் செய்ய வேண்டியது யாது? பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால் அதனைச் சுரண்டவே வேண்டாம். கழுவி, ஈரத்தோடு இலேசாகத் தேய்த்து, உலர்ந்தபின் மேலே புதுவர்ணம் பூசிவிடலாம். உரிந்திருந்தால் குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் வேலை முடியும்வரை உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். நிலத்திற் படங்கு விரியுங்கள். நீர் தெளித்துத் தெளித்தே சுரண்டுங்கள். உலர்ந்த மண்தாளும் மின்தேய்ப்பானும் வேண்டா. நெருப்பு வைத்து உரிப்பது எல்லாவற்றிலும் கொடிது, ஈயம் புகையாகி மூச்சிற் கலக்கும். முகத்திற் கட்டிய துவாய் நுண்தூளைத் தடுக்காது. என்-95 வகை முகக்கவசம் அணிதல் வேண்டும். முடிந்ததும் விளக்குமாற்றாற் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். உடுத்த உடையை வேறாகத் துவையுங்கள்.

இன்னுமொன்று. சுரண்டிய துகளை வளவிற் கொட்டுவது நம்மவரிடையே காணப்படும் பழக்கம். வளவில் கோழி கிளறும், குழந்தை மண் அளையும். நம் தீவுகளின் நன்னீரோ சுண்ணக்கற் படையில், உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்பது; மழை ஒன்றே அதற்கு ஊற்று. வளவிற் கொட்டியது எதுவாயினும் அம்மழையோடு கிணற்றை நோக்கியே செல்லும். துகளைத் தடித்த பையிலிட்டுக் கட்டி, பிரதேச சபையினரிடங் கேட்டு அவர்கள் கூறும் முறைப்படி அகற்றுங்கள். எரிக்கவும் புதைக்கவும் வேண்டா.

கூலி பேசும்போதே மேசனிடமும் வர்ணம் பூசுபவரிடமும் இவற்றைச் சொல்லிவிடுங்கள். நனைத்துச் சுரண்ட ஒரு நாட்கூலி மேலதிகமாகலாம். பாட்டன் பூசிய வர்ணம் பேரனுக்கு நஞ்சாகாதிருக்க நாம் கொடுக்கும் அவ்விலை மிகச் சிறிதே.