ஒரு சாதாரணப் புதன்கிழமைக்கு எத்தனை மணி நேரம்?

இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். சமூக ஊடகமெங்கும் மீம்கள் பறந்தன. ஐ.டி. துறை இளைஞர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அத்தனை விவாதத்திலும் ஒரு கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. 90 மணி நேரம் அலுவலகத்தில் இருப்பவரின் சட்டையைத் துவைப்பது யார்? அவர் வீட்டுக் கழிவறையைக் கழுவுவது யார்? அவர் வாசலில் வைத்துவிட்டுப் போகும் குப்பைப் பையை எடுப்பது யார்? அவர்களுடைய வாரத்தில் எத்தனை மணி நேரம்?

எல்லோருக்கும் ஒரு நாளில் 24 மணி நேரம்தான், அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் வெற்றி இருக்கிறது என்று சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் சொல்கிறார்கள். இதைவிடப் பெரிய பொய்யை நான் கேட்டதில்லை. இந்த ஊரில் நிலத்தையும் நீரையும் போல நேரமும் சாதி பார்த்தே பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது. இதைச் சொல்வதற்குப் பெரிய கோட்பாடு எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டின் ஒரு புதன்கிழமையே போதும்.

நான் சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வயது முப்பத்திரண்டு. கணவர் ஒரு தனியார் நிறுவனத்தின் கிடங்கில் வேலை பார்க்கிறார். ஆறு வயது மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. அம்மா எங்களோடு இருக்கிறார். ஒரு மருத்துவமனையில் 22 ஆண்டுகள் ஒப்பந்த முறையில் துப்புரவு வேலை செய்தவர் அவர்.

காலை ஐந்து மணிக்கு மெட்ரோ வாட்டர் வரும். அடிபம்பில் அடித்து டிரம்மை நிரப்ப அரை மணி நேரம் ஆகும். மேல்நிலைத் தொட்டியும் மோட்டாரும் இருக்கும் வீட்டில் அந்த அரை மணி நேரம் தூக்கம். அதே ஊர், அதே குழாய். ஆனால் ஒரு வாரத்துக்கு மூன்றரை மணி நேரம் வித்தியாசம்.

தண்ணீர் பிடித்து முடித்ததும் நானும் அம்மாவும் பூங்காவுக்கு நடக்கப் போவோம். எனக்குத் தைராய்டு, அம்மாவுக்கு மூட்டுவலி. "தினமும் நடங்கம்மா, உடம்புக்கு எக்சர்சைஸ் வேணும்" என்று மருத்துவர் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டார். "இருபத்திரண்டு வருஷம் நாலு மாடி ஏறி எறங்குனேனே, அதெல்லாம் கணக்குல வராதாம்மா?" என்று என்னைக் கேட்டார். மருத்துவர் சொன்னதில் தவறில்லை. வாளியும் துடைப்பமும் தூக்கிக்கொண்டு ஏறுவது முழங்காலைத் தேய்க்கும். தளர்வாகக் கை வீசி நடப்பது அதைத் தாங்கும். இரண்டும் நடைதான். ஒன்று அடுத்தவருக்காக நடப்பது, மற்றது தன் உடம்புக்காக நடப்பது. என் அம்மா தன் உடம்புக்காக முதன்முதலில் நடந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தேழு.

நாங்கள் நடக்கும் பாதையை எங்களுக்கு முன்பே ஒரு பெண் கூட்டிக்கொண்டிருப்பார். அம்மா வயதுதான் இருக்கும். வெள்ளை ஷூவோடு வேகநடை போடும் இளைஞர் ஒருவர், "ஏம்மா, தூசி வருது, அப்புறமா கூட்டு" என்பார். அவர் வீட்டில் அந்த வயதுப் பெண்ணை இப்படி ஒருமையில் அழைக்க மாட்டார். அந்தத் துடைப்பம் கையில் இருப்பதால்தான் வயதுக்குரிய மரியாதைகூட இல்லாமல் போகிறது. அம்மா அந்தப் பெண்ணைக் கடக்கும்போதெல்லாம் நின்று, "சாப்டியாக்கா?" என்று கேட்காமல் நகர மாட்டார். பதில் பெரும்பாலும் "இனிமேதான்" என்றிருக்கும்.

சென்னையின் துப்புரவுப் பணியாளர்கள் 2025 ஆகஸ்ட்டில் ரிப்பன் மாளிகைக்கு வெளியே 13 நாட்கள் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கும். ஐந்து, ஆறு ஆகிய மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்தார்கள், பணி நிரந்தரம் கேட்டார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்களைக் காவல்துறை அப்புறப்படுத்தியது. மறுநாள், தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்களை அரசு அறிவித்தது. விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒருவருக்குக் காலை உணவு கிடைப்பதை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அவர்கள் கேட்டது இட்லி இல்லை. அடுத்த மாதமும் இதே வேலை இருக்கும், உடம்பு சரியில்லை என்றால் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம், பிள்ளையின் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நாள் போகலாம் என்ற உறுதியைக் கேட்டார்கள். பணி நிரந்தரம் என்பதைச் சம்பளக் கணக்காக மட்டும் பார்க்கிறோம். தன் நாளைத் தானே திட்டமிடும் உரிமையும் அதில் இருக்கிறது. 22 ஆண்டுகளில் என் பள்ளிக்கூடத்துக்கு அம்மா வந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் அன்றைய கூலி போனது.

ஆறே முக்காலிலிருந்து எட்டரை வரை வீடு ஒரு தொழிற்சாலை. மதியத்துக்குச் சோறும் குழம்பும், டப்பாக்கள், மகளுக்குத் தலைவாரல், துணி ஊறவைத்தல். கணவர் பாத்திரம் கழுவி, துணி காயப்போடுவார். இதைச் சொன்னால் தோழர்கள் சிலர் அவரைப் பாராட்டுகிறார்கள். என்னை யாரும் பாராட்டியதில்லை! ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் அதற்குச் செலவிடுவதாகச் சொல்கிறது. ஆணுக்கு அது 88 நிமிடங்கள். அதுவும், வீட்டு வேலை செய்யும் ஆண்களின் சராசரிதான் இந்த 88. பெண்களில் நூற்றுக்கு 81 பேருக்கு மேல் வீட்டு வேலை செய்கிறார்கள். ஆண்களில் 27 பேர்தான்.

மகளுக்குக் காலை உணவு பள்ளியில். 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவான திட்டம் அது. இதைக் குழந்தைகளின் பசியோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். அதிகாலையில் வேலைக்குப் போகும் தாய்க்கு இது நாள்தோறும் கிடைக்கும் முக்கால் மணி நேரமும்கூட. அரசு நினைத்தால் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அந்த முக்கால் மணி நேரத்திலும் சாதி வந்து நின்றது. 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதால் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய் எச்சரிக்க வேண்டியிருந்தது. 2018இல் அவிநாசி அருகே அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாதென்று பள்ளியையே பூட்டினார்கள். நம் பெண்கள் அவர்கள் வீட்டுக் கழிவறையைக் கழுவலாம், வயலில் நாற்று நடலாம், அந்த நெல் சோறாகலாம். அடுப்புக்கு முன்னால் மட்டும் நிற்கக் கூடாது. சாதி என்பது வேலையைப் பிரித்து வைத்திருப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே படிப்படியாக அடுக்கி வைத்திருப்பது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அதைப் புரிந்துகொள்ள நூலகம் போக வேண்டியதில்லை, பள்ளிச் சமையற்கூடம் போதும்.

ஒன்பது மணிக்குப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இல் வந்த பிறகு என் கையில் மாதம் கொஞ்சம் பணம் நிற்கிறது. ஆனால் இலவசம் என்பது சாதாரணப் பேருந்தில்தான். அது வரும்வரை இரண்டு டீலக்ஸும் ஒரு ஏ.சி. பேருந்தும் போய்விடும். நிறுத்தத்தில் என்னோடு நிற்பவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலைக்கும் ஜவுளிக் கடைக்கும் போகும் பெண்கள். பத்து நிமிடம் தாமதமானால் ஒரு வீட்டில் முகச்சுளிப்பு, ஒரு கடையில் அரை நாள் சம்பளப் பிடித்தம். பணம் இருப்பவர் நேரத்தை வாங்குகிறார். இல்லாதவர் பணத்தை மிச்சப்படுத்த நேரத்தைக் கொடுக்கிறார்.

பத்து முதல் நான்கு வரை என் வேலை நேரம். படிப்பது, குறிப்பெடுப்பது, ஓர் அத்தியாயத்தைத் திருத்துவது. கேட்க எளிமையாக இருக்கும். என் உதவித்தொகை ஐந்து மாதங்களாக வரவில்லை. அதனால் ஆறு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் படிவத்துக்கும் கையொப்பத்துக்கும் போகிறது. துறையில் கையெழுத்து வாங்கி நிர்வாகப் பிரிவுக்குப் போனால், முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். இடையில் வளையல் இரண்டும் நகைக் கடனுக்குப் போய்விட்டன. என்னோடு சேர்ந்த ஒருவருக்கு இது வெறும் காலதாமதம். அவர் அப்பா பேராசிரியர், சொந்த வீடு. எனக்கு இது வாடகை, அம்மாவின் மாத்திரை. இருவரும் ஒரே நாளில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். யாருடையது முதலில் முடிகிறதோ அவருக்குத் 'தகுதி' என்று பெயர் வைப்பார்கள்.

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத்தில் ரோஹித் வெமுலா நம்மைவிட்டுப் போனபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை வரவேண்டியிருந்தது. அவருடைய மரணத்தைப் பற்றி நிறையப் பேசினோம், பேசத்தான் வேண்டும். அந்த ஏழு மாதங்களின் ஒவ்வொரு சாதாரண நாளையும் பற்றி எவ்வளவு பேசினோம்? ஒடுக்குமுறை ஒரே நாளில் வந்து விழும் இடி மட்டுமல்ல. கையொப்பம் கிடைக்காத புதன்கிழமைகளிலும் அது நடந்துகொண்டிருக்கிறது.

மாலையில் மகளின் வீட்டுப்பாடம், மாவு அரைப்பது, இரவுச் சமையல். எட்டு மணிக்குப் பிள்ளையும் பாட்டியும் தரையில் உட்கார்ந்து தாயம் ஆடுவார்கள். பிள்ளைதான் எப்போதும் ஜெயிக்கும். இந்த ஒரு மணி நேரத்தை நான் ஆடம்பரம் என்று நினைப்பதில்லை. எனக்கு ஆறு வயதில் கிடைக்காதது அது. பத்து மணிக்கு எல்லோரும் தூங்கியபின் நான் மறுபடியும் அத்தியாயத்தைத் திறப்பேன்.

மாலை நேரத்தைப் பற்றிப் பேசும்போது நம் இயக்கத்தையும் பேச வேண்டும். நம் கருத்தரங்குகள் வார நாளில் மாலை ஆறு மணி என்று அறிவிக்கப்பட்டு, ஏழரைக்குத் தொடங்கி, பத்தரைக்கு முடிகின்றன. அந்த நேரத்தில் எந்த வீட்டுப் பெண் வர முடியும்? பிறகு மேடையில் பெண் பேச்சாளர் கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறோம். சாதி ஒழிப்பைப் பேசும் தோழரின் சட்டைக்கு யாரோ இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோவின் நேரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் சமத்துவம் பேசுவது அரைப் பேச்சு. குழந்தைகளோடு வரக்கூடிய ஞாயிறு காலைக் கூட்டம் ஒன்றும் பெரிய புரட்சி இல்லை. அதைக்கூடச் செய்யாமல் இருக்கிறோம்.

இது நம் மரபுக்குப் புதிய விஷயமும் அல்ல. 1942 முதல் 1946 வரை அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பு வகித்தார். 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி வாரம் 54 மணி நேரமாக இருந்த வேலை, 1946ஆம் ஆண்டின் திருத்தத்தால் 48 ஆனது. அரசியலமைப்பின் சிற்பி என்று அவரைச் சிலையாக நிறுத்தியவர்கள், தொழிலாளியின் மாலை நேரத்துக்காகச் சட்டம் கொண்டுவந்த அம்பேத்கரை மறைத்துவிட்டார்கள். அந்த எட்டு மணி நேரமும் நிலையாக நிற்கவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே நாளில் அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். பத்து நாள் எதிர்ப்பு எவ்வளவு செய்யும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கும் கரும்பு வெட்டும் குடும்பத்துக்கும் அது பொருந்துவதில்லை.

நாம் செய்தியாவது இரண்டு நேரங்களில்தான். கொல்லப்பட்டால், அல்லது குடிசையில் படித்து முதல் மதிப்பெண் எடுத்தால். இந்த இரண்டுக்கும் நடுவில் லட்சக்கணக்கான பேரின் வாழ்க்கை இருக்கிறது. அங்கே யாரும் சாகவில்லை, யாரும் சாதிக்கவுமில்லை. தண்ணீர் பிடிக்கிறார்கள், பேருந்துக்கு நிற்கிறார்கள், மாவு அரைக்கிறார்கள். அந்த வாழ்க்கைக்கும் ஓர் அரசியல் கோரிக்கைப் பட்டியல் வேண்டும்.

தூய்மைப் பணியாளருக்குப் பணி நிரந்தரம், சம்பளத்தோடு விடுப்பு. வீட்டுத் தொழிலாளருக்கு வார விடுமுறையும் வேலை நேர வரம்பும். ஆய்வு மாணவருக்கு மாதத்தின் குறித்த தேதியில் உதவித்தொகை, தாமதித்தால் நிர்வாகம் பதில் சொல்லும் கட்டாயம். சாதாரணப் பேருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. குடிசை மாற்றுக் குடியிருப்புகளில் இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் படிப்பகம். நம் வீடுகளில் ஆண்கள் 'உதவி' செய்வதை நிறுத்திவிட்டுத் தங்கள் பங்கு வேலையைச் செய்வது.

இவற்றில் எதுவும் பெரிய முழக்கமாக ஒலிக்காது. ஆனால் சாதிக்கு மிகவும் பிடித்தது நம் களைப்புதான். களைத்தவர் கேள்வி கேட்க மாட்டார், கூட்டத்துக்கு வர மாட்டார், படிக்க மாட்டார். எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு, எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு, மிச்சமுள்ள நேரத்தில் தாயம் ஆடவும் புத்தகம் புரட்டவும் சும்மா இருக்கவும் முடிகிற ஒரு நாள் நம் ஒவ்வொருவருக்கும் வர வேண்டும். அதை விடுதலைக்குப் பிறகு கிடைக்கும் பரிசாக ஒத்திவைக்க வேண்டாம். விடுதலைக்குத் தேவையான முதல் கருவியே அந்த நேரம்தான். இப்போதே கேட்போம்.