தக்காளி தெருவுக்குப் போகலாமா?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு தக்காளிக்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் விளைச்சல் பெருகினால் விலை விழுந்துவிடும். சில சமயம் பறிகூலிகூடக் கிடைக்காது. பாடுபட்டு வளர்த்த பழம் சாலையோரம் கொட்டப்படுகிறது!

உலர்த்தி வைக்கலாமே? 100 கிலோ தக்காளியில் சுமார் 94 கிலோ தண்ணீர்! வெயிலில் காய்ந்து முடிவதற்குள் தூசியும் ஈயும் சேர்ந்துவிடும்.

இங்கே கை கொடுப்பது "மைக்ரோவேவ்". இது ரேடியோ அலையின் இனம். நெருப்பு வெளியிலிருந்து சுடும். இந்த அலையோ பழத்துக்குள் நுழைந்து, தண்ணீரின் மூலக்கூறுகளை உலுக்குகிறது. அலை திசை மாறுவது வினாடிக்குப் பல கோடி முறை! அந்த உலுக்கலே சூடாகிறது.

1945-ல் அமெரிக்காவில் பெர்சி ஸ்பென்சர் என்பவரின் சட்டைப் பையிலிருந்த மிட்டாய், ரேடார் குழாய் அருகே உருகியது. அதிலிருந்து பிறந்ததே மைக்ரோவேவ் அடுப்பு. இன்று ரப்பரைப் பதப்படுத்தவும், உணவை உலர்த்தவும் தொழிற்சாலைகளில் இது பயன்படுகிறது.

மின்சாரச் செலவு அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆகவே, சூடான காற்றில் பெரும்பகுதி ஈரத்தைப் போக்கிவிட்டு, மிச்ச ஈரத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம்.

தனி விவசாயியால் எந்திரம் வாங்க முடியாது. கூட்டுறவுச் சங்கம் வாங்கட்டும். சர்க்கார் கடன் கொடுக்கட்டும். தெருவில் கொட்டும் பழம் பெட்டியில் ஏறட்டும்!