பூவரசு வாசலில் நிற்கட்டும், பருத்திக்காட்டில் வேண்டாம்

மேலை நாடுகளில் வீட்டின் முன் நிழலுக்காக லிண்டன் என்னும் மரத்தை வளர்ப்பார்கள். இதய வடிவ இலை கொண்ட அந்த மரமும் நமது பூவரசும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரம்பலூர், அரியலூர் பகுதி விவசாயிகள் நிழல் மரம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் பூவரசு தழைக்கும். வறட்சியையும் ஓரளவு தாங்கும்.

ஆனால் பருத்தி விவசாயிகளுக்கு இம்மரத்தின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. பருத்தியும் இதே குடும்பம்தான். காயின் விதைச் சாற்றை உறிஞ்சி, பஞ்சில் கறை ஏற்றும் சிவப்புப் பருத்திப் பூச்சி, பூவரசங்காயையும் தின்று வாழும். காட்டில் பருத்தி இல்லாத மாதங்களில் அதற்கு மரமே புகலிடம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவான செயின்ட் வின்சென்டில் இப்பூச்சியை ஒழிப்பதற்காகப் பூவரசு மரங்களை வெட்டியே தள்ளினார்கள்.

இங்கும் அப்படி வெட்டிவிடலாமா? கூடாது. வெண்டை, துத்தி, இலவம் எல்லாமே இப்பூச்சிக்கு உணவுதான். அவற்றை விட்டுவிட்டுப் பூவரசை மட்டும் வெட்டினால் நிழல் போகும், பூச்சி போகாது. பருத்திக்காட்டு வரப்பில் புதிதாக நட வேண்டாம் என்பதே சரியான கட்டுப்பாடு. வாசலில் நிற்கும் மரத்தடியில் உதிர்ந்த காய்களைக் கூட்டி எரிக்க வேண்டும். கூட்டமாக மொய்க்கும் பூச்சிகளைக் காலை வேளையில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் தட்டிவிட்டால் அங்கேயே மடியும். பிள்ளைகள்கூடச் செய்யக்கூடிய வேலை இது.

மரத்தின் பயனோ ஏராளம். தழையை ஆடு விரும்பித் தின்னும். இலையில் கொழுக்கட்டை அவிக்கலாம். வைரம் பாய்ந்த கட்டை வண்டிக்கும் கலப்பைக்கும் ஆனது. டிராக்டர் வந்த பின் அதைக் கேட்பார் குறைந்தாலும், கதவு, ஜன்னல், நாற்காலி செய்ய இன்றும் ஏற்றது.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. போத்து நட்டால் சீக்கிரம் நிழல் கிடைக்கும். ஆனால் மரம் கோணலாகி, தாழ்வாகவே கிளைத்துவிடும். பலகைக்கு நேரான அடிமரம் வேண்டுவோர் விதைக்கன்றைத்தான் நட வேண்டும். விதையின் தோல் கடினமாதலால், ஓர் ஓரத்தில் லேசாக உரசி, இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்துப் போடுவது நல்லது.

போத்தானால் மணிக்கட்டுப் பருமனில் 6 அடி நீளம் வெட்டி, மேல் நுனியில் சாணம் பூசி, 2 அடி ஆழத்தில் நட வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி நடுவது நல்லது. ஐப்பசி மழையில் நட்டால் வேர் பிடிப்பது எளிது. சுற்றிலும் முள் அடைக்காவிட்டால் முதல் தளிரே ஆட்டுக்குப் போய்விடும். முதல் கோடையில் மட்டும் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.