வீடு வாங்கினவர் வாய் திறக்கலாமா?

மும்பை நகரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் கிரயம் கொடுத்துக் குடியேறிய சிலர், தங்கள் குறைகளை ஒரு பலகையில் எழுதி 2015-ஆம் வருஷத்தில் அக்கட்டிடத்தின் முன்னே நாட்டினார்கள். குடியிருப்போர் சங்கம் இன்னும் அமைக்கப்படவில்லை, தண்ணீர்க் கஷ்டம் தீரவில்லை, கசிவு நிற்கவில்லை, லிப்டின் பராமரிப்பு சரியில்லை, வந்துபோகும் பாதை கேடுற்றிருக்கிறது என்ற மாதிரியான சங்கதிகளே அதில் கண்டிருந்தன. யாரையும் திருடன் என்று அதில் சொல்லவில்லை. மோசடி என்ற வார்த்தைகூட இல்லை. ஆயினும் கட்டி விற்ற கம்பெனியார் தங்கள் கீர்த்திக்குப் பங்கம் நேர்ந்துவிட்டதாகக் கூறி, மாஜிஸ்திரேட்டிடம் க்ரிமினல் பிராது கொடுத்தனர். 2016-ஆம் வருஷத்தில் சம்மன் பிறந்தது. கீழ்க் கோர்ட்டிலும் பம்பாய் ஹைகோர்ட்டிலும் பரிகாரம் கிட்டாமல், எதிரிகள் டில்லி வரையில் போக நேர்ந்தது. 2025 ஏப்ரல் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் கே. வி. விசுவநாதனும் என். கோடீஸ்வர் சிங்கும் அப்பிராதை ரத்து செய்து தீர்ப்பளித்தார்கள்.

தீர்ப்பு முற்றிலும் நியாயமானது. விற்பவனுக்குத் தன் சரக்கைப் புகழ்ந்து விளம்பரம் செய்யும் பேச்சுரிமை இருக்குமானால், அதை வாங்கினவனுக்கு அதன் குறையைச் சொல்லிச் சாத்விகமாக ஆட்சேபிக்கும் உரிமையும் அதற்கு ஈடாக இருக்கவேண்டும் என்று நீதிபதிகள் கண்டிருக்கிறார்கள். பலகை வைத்தவர்கள் லக்ஷ்மண ரேகையைத் தாண்டவில்லை என்றும், குற்றத்தின் அம்சங்கள் இல்லாத இடத்தில் குற்றம் சாட்டுவது கோர்ட்டின் நடைமுறையைத் துர்விநியோகம் செய்வதாகும், அதை முளையிலேயே கிள்ளவேண்டும் என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பிராது முளையில் கிள்ளப்பட்டதா? சம்மன் பிறந்து ஏறக்குறைய ஒன்பது வருஷம் சென்ற பிறகு, செடி மரமான பிறகே அது வெட்டப்பட்டது. அவ்வளவு காலமும் அந்தக் குடித்தனக்காரர்கள் க்ரிமினல் கேஸில் எதிரிகள் என்ற பெயரைச் சுமந்தார்கள். இறுதியில் ஜயம் அவர்களுக்கே. வக்கீல் பீஸும், இழந்த வேலை நாட்களும், வீட்டாரின் கவலையும் யாரிடமிருந்து திரும்பி வரும்?

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் நடுத்தர வகுப்பைச் சேர்ந்த ஒருவன் தன் ஆயுளில் செய்யும் மிகப் பெரிய வியாபாரம் வீடு வாங்குவதே. பிராவிடண்டு பண்டு, மனைவியின் நகை, பாங்கிக் கடன் எல்லாம் அதில் போய்விடுகின்றன. கட்டிடம் முடியத் தாமதமானால் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் வராத வீட்டுக்குத் தவணையும் ஒரே சம்பளத்திலிருந்து கொடுக்கவேண்டும். எதிர்ப்பக்கத்திலோ தேர்ந்த வக்கீல்கள் எழுதிய ஒப்பந்தம் இருக்கிறது. குருகிராமத்தில் வீடு வாங்கிய ஒருவரின் வழக்கில் 2019 ஏப்ரல் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அத்தகைய ஒப்பந்தம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தது. வாங்குபவர் தவணை தவறினால் அவர் கொடுக்கவேண்டிய வட்டி 100-க்கு 18. வீட்டை ஒப்படைக்கத் தவறினால் கம்பெனி கொடுக்கவேண்டிய வட்டி 100-க்கு 9! இப்படி ஒருதலையாக எழுதிய ஷரத்துக்களை வாங்கினவர் மீது சுமத்துவது முறையற்ற வியாபாரமே என்று கோர்ட்டு தீர்மானித்தது. கையெழுத்திடும்போதே தராசு இவ்வாறு சாய்ந்திருக்கையில், வாங்கினவனுக்கு மிஞ்சிய ஆயுதம் அவன் வாய் ஒன்றுதான். அதையும் பூட்டுவதற்கு மானநஷ்டப் பிராது சாவியாகுமானால் அவன் என்ன செய்வான்?

குறை சொல்லும் குரல் எவ்வளவு உபயோகமுள்ளது என்பதற்கு நொய்டாவே சாக்ஷி. எமரால்டு கோர்ட் என்ற குடியிருப்பில் தோட்டத்துக்கென்று காட்டிய இடத்தில் இரண்டு கோபுரங்கள் எழும்பியபோது, அங்கே குடியிருந்தவர்களின் சங்கம் கூச்சலிட்டது. 2012-இல் அலகாபாத் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. கட்டியது சட்ட விரோதம் என்பதும், நொய்டா அதிகாரிகள் அதற்கு உடந்தையாக இருந்தார்கள் என்பதும் 2021 ஆகஸ்டு 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பால் ஊர்ஜிதமாயின. 2022 ஆகஸ்டு 28-ந் தேதி அவ்விரண்டு கோபுரங்களும் வெடி வைத்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அதே பிரதேசத்தில் ஆம்ரபாலி கம்பெனியின் விவகாரமும் நேயர்களுக்கு ஞாபகமிருக்கும். வீடு வாங்கியவர்கள் 42,000 பேருக்கு மேல். அவர்கள் கொடுத்த பணம் வேறு காரியங்களுக்குத் திருப்பப்பட்டிருந்தது என்று 2019 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு கண்டுபிடித்து, கம்பெனியின் ரிஜிஸ்டிரேஷனை ரத்து செய்து, பாக்கி வேலையைச் சர்க்கார் ஸ்தாபனம் ஒன்றினிடம் ஒப்படைத்தது. இந்த இரண்டு இடங்களிலும் முதன்முதல் சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னவனிடம் தீர்ப்பு நகல் ஏது? அவனிடம் இருந்தது சந்தேகமும் சில காகிதங்களுமே. தீர்ப்பு வரும் வரையில் பேசாதே என்று சொன்னால், தீர்ப்பே வராது.

நிற்க. மறுபக்கத்து நியாயத்தையும் பார்க்கவேண்டும். கட்டிட வியாபாரிகள் எல்லோரும் அக்கிரமக்காரர்கள் என்று சொல்ல நாம் தயாராக இல்லை. நாணயமாக நடக்கும் ஒருவன் மீது பொறாமைக்காரன் ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டால், முன்பணம் கொடுத்தவர்கள் திரும்பக் கேட்பார்கள். பாங்கி கையை மூடிக்கொள்ளும். அவனை நம்பியிருக்கும் கொத்தனாரும் சித்தாளும் கூலியின்றி நிற்பார்கள். ஒருவனுடைய நற்பெயர் அவனுடைய ஜீவிய உரிமையில் சேர்ந்தது என்று 2016 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருப்பதை நாம் அலக்ஷியம் செய்யவில்லை. பொய் சொன்னவனிடம் நஷ்டஈடு வாங்கட்டும், தாராளமாக வாங்கட்டும். ஆனால் அதற்கு சிவில் கோர்ட்டு இருக்கிறதே! அவ்வழியில் வாதிக்குச் சில நிர்ப்பந்தங்கள் உண்டு. கேட்கும் தொகைக்குத் தக்கபடி முத்திரைக் கட்டணம் கட்டவேண்டும். தமிழ்நாட்டில் 2017-லிருந்து அது 100 ரூபாய்க்கு 3 ரூபாய். ஒரு கோடி கேட்பவன் மூன்று லக்ஷத்தை எண்ணி வைத்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். சொன்னது உண்மை என்று பிரதிவாதி ருஜுப்பித்தால் வழக்கு அத்துடன் தீர்ந்தது.

க்ரிமினல் பிராதோ அப்படியல்ல. பிராது கொடுப்பவனுக்குச் செலவு சொற்பம். எதிரியோ ஆஜராகி ஜாமீன் கொடுத்து வாய்தாவுக்கு வாய்தா நடக்கவேண்டும். சொன்னது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது. பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்டவேண்டும். விதிவிலக்குக்குள் வருகிறேன் என்று நிலைநாட்டும் பாரமும் அவன் தலையிலேயே. 1860-ஆம் வருஷத்துப் பீனல் கோடின் 499-ஆவது செக்ஷன் இவ்வாறு அமைந்தது. மெக்காலே பிரபு வகுத்த அந்த ஏற்பாட்டை நாம் 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பாரதீய நியாய ஸம்ஹிதையின் 356-ஆவது செக்ஷன் என்று அழைக்கிறோம். பெயர் ஸம்ஸ்கிருதமாயிற்று, பத்து விதிவிலக்குகளும் இரண்டு வருஷச் சிறையும் அப்படியே இருக்கின்றன. சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை விதிக்கலாம் என்பது ஒன்றே புதிது. நமக்கு இச்சட்டத்தைக் கொடுத்த இங்கிலாந்து, தன் நாட்டில் மானநஷ்டத்தைக் குற்றமாகக் கருதும் விதியை 2009-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் நீக்கிவிட்டது. அண்டையிலுள்ள இலங்கை அதற்கும் முன்னதாக, 2002-லேயே, நீக்கியது. கொடுத்தவன் கைவிட்டதைப் பெற்றவன் புதுப்பித்துக் கொண்டிருக்கிறான்.

சென்னைக்கும் இச்சட்டத்தோடு பழக்கம் உண்டு. சர்க்காரைக் குறை கூறிய பத்திராதிபர்கள் மீது தமிழ்நாட்டு சர்க்கார் தொடுத்திருந்த மானநஷ்டப் பிராதுகள் பலவற்றைச் சென்னை ஹைகோர்ட்டு 2020 மே மாதத்தில் ரத்து செய்தது. வெறும் கண்டனத்துக்காக சர்க்கார் தனி மனிதனைப் போல் ஆத்திரப்படக்கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சர்க்காருக்குச் சொன்ன புத்தி பண பலமுள்ள கம்பெனிக்கும் பொருந்தாதா?

சிவில் பக்கத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பிரதிவாதியைக் கேளாமலே இடைக்காலத் தடை வாங்கி வாயை அடைப்பது அது. ஒரு தொலைக்காட்சிக் கம்பெனியைப் பற்றிப் புளூம்பெர்க் வெளியிட்ட கட்டுரையை எடுத்துவிடும்படி டில்லிக் கோர்ட்டு ஒன்று அவ்வாறு உத்தரவிட, ஹைகோர்ட்டும் அதை ஆமோதித்தது. 2024 மார்ச்சு 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை நீக்கி, விசாரணைக்கு முன் இப்படித் தடை விதிப்பது அபூர்வமாகவே இருக்கவேண்டும் என்றது. பணக்காரர்கள் பொது விஷயத்தில் பிறர் பேசாதபடி செய்வதற்காகவே நீண்ட வழக்குகளைத் தொடுக்கும் வழக்கத்தையும் அதில் சுட்டிக்காட்டியிருக்கிறது.

இனி, நமது ஊர்களிலே வீடு வாங்கி அவதிப்படுவோருக்கு ஒரு வார்த்தை. மும்பைப் பலகையைக் காப்பாற்றியது அதன் பாஷை என்பதை அவர்கள் மறக்கலாகாது. “லிப்டு ஓடவில்லை” என்பது நடந்த சங்கதி. “கொள்ளைக்காரன்” என்பது வசவு. முன்னதை எழுதினவனுக்கு ஒன்பதாவது விதிவிலக்குத் துணை நிற்கும். தன் நலத்தையோ பிறர் நலத்தையோ பாதுகாப்பதற்காக நல்லெண்ணத்துடன் சொன்னது குற்றமாகாது என்பதே அந்த விதிவிலக்கு. நல்லெண்ணம் என்பதற்குச் சட்டத்தில் தக்க ஜாக்கிரதையும் கவனமும் என்று பொருள். ஆகவே ஒப்பந்தத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, குறைகளின் போட்டோ, கம்பெனிக்கு எழுதிய கடிதங்கள் ஆகியவற்றைத் தேதிவாரியாக வைத்துக்கொண்டு பேசவேண்டும். வாட்ஸ்அப்பில் நடு இரவில் எழுதும் ஆவேச வாக்கியமும் சட்டத்தின் கண்ணில் பலகையே. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமைகளையும் கைவிடக்கூடாது. கெடு தவறினால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்தில் பழுது கண்டால் விற்றவரே தம் செலவில் சீர்படுத்தவேண்டும். வாங்குவோரிடம் வசூலித்ததில் 100-க்கு 70 பங்கைத் தனிக் கணக்கில் போடவேண்டும். இந்த உரிமைகளைக் குறிப்பிட்டு எழுதிய பலகை வசவு எழுதிய பலகையைவிடக் கம்பெனிக்காரரை அதிகம் உறுத்தும் என்பது நமது தொழில் அனுபவம்.

ஆனால் ஜாக்கிரதை முழுவதையும் பாதிக்கப்பட்டவன் மீதே சுமத்திவிட்டு மாஜிஸ்திரேட்டுகள் வாளாவிருக்கலாகாது. பிராதைப் பார்த்த மாத்திரத்தில் விதிவிலக்கு வெளிப்படையாகத் தெரியுமானால் சம்மன் அனுப்பாமலே தள்ளிவிடலாம் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. மும்பை வழக்கிலும் அதையே அனுசரித்தது. மானநஷ்டக் குற்றம் செல்லும் என்ற 2016-ஆம் வருஷத் தீர்ப்பிலேயே, சம்மன் பிறப்பிப்பதில் மாஜிஸ்திரேட்டுகள் மிகவும் கவனமாக இருக்கவேண்டும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டமாகிய நாகரிக் சுரக்ஷா ஸம்ஹிதையின் 223-ஆவது செக்ஷன், எதிரிக்குத் தன் கக்ஷியைச் சொல்லச் சந்தர்ப்பம் கொடுக்காமல் பிராதை விசாரணைக்கு எடுக்கக்கூடாது என்கிறது. பழைய சட்டத்தில் இந்தக் கதவு கிடையாது. அச்சடித்த நோட்டீசு ஒன்றை அனுப்பி, எதிரி வந்து நின்றதும் “எடுத்துக்கொண்டேன்” என்று எழுதிவிடுகிற சடங்காக அதை ஆக்காமல், பலகையின் வாசகத்தை வரிவரியாகப் படித்து, எந்த வார்த்தை எப்படி அவதூறாகிறது என்று பிராதுக்காரரைக் கேட்கவேண்டும். இந்த அரைமணி நேரத்து வேலையை 2016-இல் மும்பையில் செய்திருந்தால் டில்லி வரையில் போக வேண்டியிருந்திராது.

வெறுங்காரணத்துக்காக ஒருவனைக் க்ரிமினல் கோர்ட்டுக்கு இழுத்தவனிடமிருந்து ஈடு வாங்கிக்கொடுக்கவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பழைய 250-ஆவது செக்ஷன், இப்போது 273. அவர் விதிக்கக்கூடிய அபராதத் தொகையே அதற்கு எல்லை. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு முன்பு 10,000 ரூபாயாக இருந்தது, இப்போது 50,000. ஆனால் அந்தக் கோர்ட்டிலேயே விசாரணை நடந்து விடுதலையானவனுக்குத்தான் இது கிடைக்கும். மேல் கோர்ட்டு பிராதை ரத்து செய்தால் கிடைக்காது. ஆகவே ஏறக்குறைய ஒன்பது வருஷம் நடந்து வென்றவனுக்கு இச்செக்ஷனால் பயனில்லை. பார்லிமெண்டு 356-ஆவது செக்ஷனை எடுத்துவிட மனம் கொள்ளும் வரையில், ரத்தாகும் பிராதுக்கும் இந்த ஈடு உண்டு என்று ஒரு வரியேனும் அச்சட்டத்தில் சேர்க்கும்படி நமது பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்திலேயே மசோதா கொண்டுவரவேண்டும்.